கண்ணாடிக் கலிங்கின் கீழே ஒரு சம்ப்

சென்ற இரண்டு மாதங்களாக இரவுச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்ததும், அதே மேசையில் வரைதாளை விரித்து, எங்கள் கூடத்தில் நான்கு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் பவளத்தொட்டிக்குப் புதிய சம்ப் ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறேன். தொட்டி 120 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் 50 செ.மீ. உயரமும் கொண்டது, சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி ஒன்றின் ஒன்பதாவது தளத்தில், சன்னலுக்கு எதிர்ச்சுவரை ஒட்டி நிற்கிறது. அதை நான் மாற்றப்போவதில்லை. அதன் கீழே அலமாரிக்குள் இருக்கும் 60 செ.மீ. சம்ப்பை எடுத்துவிட்டு, இந்த முறை ஒவ்வோர் அளவுக்கும் கணக்குப் போட்டு வேறொன்றைச் செய்யக் கொடுக்கிறேன்.

இந்தச் செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா கேட்டார்: "வீட்டு நடுவுல எதுக்குப்பா சம்ப்பு? பள்ளம் தோண்ட அங்க விடுவாங்களா?" ஊரில் சம்ப் என்றால் வாசலில் சிமெண்டு மூடி போட்ட தரைத்தொட்டி, மாநகராட்சித் தண்ணீர் அதில் விழும், மோட்டார் போட்டால் மாடித் தொட்டிக்கு ஏறும். நான் விளக்கினேன். மேலே மீனும் பவளமும் இருக்கும் தொட்டி. அதன் ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்பு. தண்ணீர் அதன் விளிம்பைத் தாண்டி வழிந்து குழாய் வழியாகக் கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அங்கே வடிகட்டி, நுரை பிரித்து, பம்ப் மூலம் மறுபடி மேலே ஏற்றுகிறோம். அம்மா பிறந்தது புதுக்கோட்டைப் பக்கம், கண்மாய்க்கரை ஊர். "அப்போ கலிங்கு மாதிரின்னு சொல்லு" என்றார். அதைவிடச் சரியான சொல் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. கண்மாய் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதைக் கலிங்கின் உயரம் முடிவு செய்வதைப் போலவே, மேல்தொட்டியின் நீர்மட்டத்தையும் அந்தக் கண்ணாடி விளிம்புதான் முடிவு செய்கிறது. பகலில் எவ்வளவு நீர் ஆவியானாலும் மேலே மட்டம் இறங்குவதே இல்லை. குறைவு முழுவதும் கீழே, சம்ப்பின் கடைசி அறையில்தான் தெரியும்.

சம்ப் வேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த, நுண்ணுயிர்கள் குடியிருக்கும் உயிர்ப்பாறையையும் காற்றுக்குமிழிகளையும் மட்டும் கொண்டு பவளம் வளர்த்த முறையை எழுதி உலகுக்கு அறிவித்தார். அவரிடம் சம்ப் இல்லை. 1986இல் ஜார்ஜ் ஸ்மிட் அமெரிக்க இதழொன்றில் எழுதிய தொடர் கட்டுரைகள், பிளாஸ்டிக் ஊடகத்தின் மேல் நீரைச் சொட்டவிடும் வடிகட்டியைப் பரப்பின. அம்மோனியாவை அது வேகமாக நைட்ரேட்டாக மாற்றும். ஆனால் அந்த நைட்ரேட் போக வழியின்றி நீரிலேயே சேரும். பெர்லினில் டீட்ரிச் ஸ்டூபர் போன்றவர்கள் உயிர்ப்பாறையையும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் வலுவான ஸ்கிம்மரையும் மட்டும் நம்பிக் கல்பவளத்தை வளர்த்துக் காட்டினார்கள். இன்று வீடுகளில் ஓடும் பெரும்பாலான சம்ப்கள் அந்த பெர்லின் முறையின் வழி வந்தவையே. ஸ்கிம்மரை வைக்க ஒரு நிலையான நீர்மட்டம் வேண்டும், அது கூடத்தில் தெரியக்கூடாது, நீரின் மொத்த அளவும் கூட வேண்டும் என்ற மூன்று தேவைகளும் சேரும் இடம் சம்ப்.

என்னுடைய முதல் சம்ப், கடையில் ஆயத்தமாகக் கிடைத்தது. 60 செ.மீ. நீளம், 35 அகலம், 35 உயரம். அதில் நீர் 25 செ.மீ. உயரத்தில் ஓடியது. ஸ்கிம்மர் உள்ளே நின்றது, பம்ப் உள்ளே நின்றது, எல்லாம் பொருந்திவிட்டது என்று மகிழ்ந்தேன். இரண்டாம் ஆண்டு ஓர் இரவு, மூன்று மணி வாக்கில், அலமாரிக்குள்ளிருந்த மின்பலகையில் உப்புப் பூத்து மின்கசிவு ஏற்பட, மின்கசிவுத் தடுப்பான் இணைப்பைத் துண்டித்துவிட்டது. பம்ப் நின்றது. மேலே நீரை ஊற்றும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 3 செ.மீ. கீழே இருந்ததால், அதே குழாய் இப்போது உறிஞ்சுகுழாயாக மாறி, வாய் காற்றைத் தொடும்வரை நீரைத் திருப்பிக் கீழே இறக்கியது. தொட்டியின் மேற்பரப்பு 6,000 சதுர செ.மீ.; ஒரு செ.மீ. மட்டம் இறங்கினால் 6 லிட்டர். மூன்று செ.மீ.க்கு 18 லிட்டர். கலிங்குப் பெட்டிக்குள் நின்ற நீர் ஏழரை லிட்டர், குழாய்களில் நின்றது ஒரு லிட்டர். ஆக, 26 லிட்டருக்குச் சற்று மேல். சம்ப்பில் காலியாக இருந்த இடமோ 60 பெருக்கல் 35 பெருக்கல் 10. அதாவது 21 லிட்டர். மீதி ஐந்து லிட்டர் கடல்நீர் அலமாரியின் ஒட்டுப்பலகையில் இறங்கித் தரையில் பரவியிருந்ததைக் காலையில் காலை வைத்துத்தான் அறிந்தேன். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கவில்லை என்பதை, அந்த வீட்டுச் சீனப் பாட்டியிடம் அனுமதி கேட்டு உள்ளே போய் அண்ணாந்து பார்த்த பிறகே எனக்கு மூச்சு வந்தது. அலமாரியின் அடிப்பலகை உப்பி, வலப்பக்கக் கதவு அன்றிலிருந்து சரியாக மூடுவதில்லை.

அந்த 26 லிட்டர் கணக்கைப் போட ஒரு பள்ளிக்கூட அளவுகோல் போதும். பம்ப்பை வாங்கிய அன்றே போட்டிருக்கலாம். சம்ப் என்பது ஓடும்போது எப்படி இருக்கிறது என்பதை வைத்தே எல்லோரும் அதை வரைகிறோம். நின்றுபோகும்போது எப்படி இருக்கும் என்பதிலிருந்து வரையத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே இந்த முறை தாளில் நான் போட்ட முதல் கோடு, பம்ப் நின்ற பிறகு நீர் ஏறி நிற்கும் மட்டம். அலமாரிக்குள் வைக்கக்கூடிய அதிகபட்ச உள்ளளவு 90 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரம். விளிம்புக்கு இரண்டு செ.மீ. கீழே, 38இல் அந்தக் கோடு. மற்றவை எல்லாம் அதிலிருந்து கீழ்நோக்கி வந்தன.

பம்ப் இருக்கும் கடைசி அறையைத் தவிர்த்த 70 செ.மீ. நீளத்திலும் நீர் 22 செ.மீ. ஆழத்தில் ஓடும், கடைசி அறையில் 20 செ.மீ. ஆழம். ஓடும்போது சம்ப்பில் இருக்கும் நீர் சுமார் 77 லிட்டர். 38 வரை ஏற மீதமுள்ள இடம் 59 லிட்டர். மேல்தொட்டியின் 26 லிட்டர் அப்படியே திரும்பி வந்தாலும் பாதிகூட நிரம்பாது. பின் அந்தக் கூடுதல் இடம் எதற்கு என்றால், நீர் சேர்க்கும் கருவிக்கு. தினமும் ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீரைச் சேர்க்கும் தானியங்கி, உணர்கருவியில் பாசி படிந்து, நிறுத்தத் தெரியாமல் தன் கலத்திலுள்ள 20 லிட்டரையும் ஊற்றிவிட்ட நாளிலேயே மின்சாரமும் நின்றால் 46 லிட்டர். அதற்கும் இடம் இருக்கிறது. அந்த நாளில் உப்பளவு என்னவாகும் என்பதையும் பார்த்தேன்: பாறை போக மேலே 250 லிட்டர், கீழே 77, ஆயிரத்துக்கு 35 என்ற உப்பளவு 33 வரை இறங்கும். பவளம் அதைத் தாங்கும். நன்னீர்க் கலத்தை 50 லிட்டராக வைத்துக்கொண்டால் வாரக்கணக்கில் நிரப்ப வேண்டியிருக்காது என்ற ஆசையை இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு விட்டுவிட்டேன். நன்னீர் வரும் சிறு குழாயின் நுனி எப்போதும் 38 கோட்டுக்கு மேலேதான் இருக்க வேண்டும். அது நீருக்குள் மூழ்கியிருந்து, கலம் உயரத்தில் இருந்தால், கருவி நின்ற பிறகும் நீர் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும்.

மேல்நோக்கிய ஆபத்தையும் பார்க்க வேண்டும். இறங்கும் குழாயில் ஒரு நத்தையோ பாசிக்கற்றையோ அடைத்துக்கொண்டால் கீழே நீர் வராது. ஆனால் பம்ப் தன் அறையிலுள்ளதை எல்லாம் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். கடைசி அறை 20 செ.மீ. நீளம், 40 அகலம், 20 செ.மீ. ஆழத்திலிருந்து பம்ப் காற்றை இழுக்கும் 6 செ.மீ. வரை இறங்கினால் 11 லிட்டர் மேலே போகும். மேலே அது இரண்டு செ.மீ. உயர்வு. என் தொட்டியில் ஓடும் மட்டத்துக்கு மேல் நான்கு செ.மீ. விளிம்பு இருப்பதால் நிரம்பி வழியாது. இங்கேதான் ஒரு முரண் வருகிறது. ஆவியாதலை நினைத்தால் கடைசி அறை பெரிதாக இருப்பது நல்லது. தினமும் 3 லிட்டர் ஆவியாகிறது என்றால் 20 செ.மீ. அறையில் ஒரே நாளில் கிட்டத்தட்ட நான்கு செ.மீ. மட்டம் இறங்கும், நன்னீர்க் கருவி பழுதாகி நின்றால் நான்காம் நாளே பம்ப் வறண்டுபோகும் தருவாய்க்கு வந்துவிடும். மேல்தொட்டி வழியாமல் இருப்பதை நினைத்தால் கடைசி அறை சிறிதாக இருப்பது நல்லது. முதலில் 30 செ.மீ. என்று வரைந்திருந்தேன். பம்ப் வறண்டால் பம்ப் போகும். தொட்டி வழிந்தால் வீடு போகும் என்று எண்ணி 20 ஆக்கினேன்.

இறங்கும் குழாயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பவளத்தொட்டியோடு ஒரே வீட்டில் வாழ முடியுமா என்பதை முடிவு செய்வது அதன் சத்தம்தான். ஒரே ஒரு குழாயில் நீரும் காற்றும் கலந்து இறங்கினால், குடத்தைக் கவிழ்த்தது போன்ற களகளப்பு இரவு முழுவதும் கேட்கும். டர்சோ என்பவரின் பெயரால் வழங்கும் வளைந்த நிற்குழாய் அதைக் குறைக்கும், ஆனால் நீக்காது. நான் தேர்ந்தெடுத்திருப்பது ஹெர்பி முறை. இரண்டு குழாய்கள். ஒன்று எப்போதும் நீரில் மூழ்கி, காற்றே புகாமல் முழு உறிஞ்சலாக இறங்கும். மற்றொன்று மேலே வாய் திறந்து வெறுமனே நிற்கும், முதல் குழாய் அடைத்தால் மட்டும் வேலை செய்யும். ஒரு மீட்டர் இறக்கமும் ஓர் அங்குல விட்டமும் உள்ள குழாய், உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், மணிக்கு 8,000 லிட்டர் இறக்க வல்லது. எனக்குத் தேவை 2,000. ஆகவே அதன் அடியில் ஒரு வால்வு வைத்து நெருக்க வேண்டும். அந்த வால்வு கேட் வால்வாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பால் வால்வின் கைப்பிடியைக் கால்சுற்றுத் திருப்புவதற்குள் முழுதும் மூடிவிடும், மயிரிழை அளவில் நகர்த்தவே முடியாது. கேட் வால்வில் பல சுற்றுகள் உண்டு. அரைச்சுற்று திருப்பி, பத்து நிமிடம் காத்திருந்து, பெட்டிக்குள் மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்து, மறுபடி கால்சுற்று திருப்புவேன். மட்டம் அசையாமல் நின்ற கணத்தில் சத்தம் அறவே அடங்கிவிடும். அந்த அமைதியை முதன்முதலில் ஒரு நண்பர் வீட்டில் கேட்டபோது, தொட்டி ஓடவில்லையோ என்று எண்ணி விளிம்பில் கைவைத்துப் பார்த்தேன்.

அவசரக் குழாயில் வால்வு எதுவும் போடக்கூடாது. பம்ப் தரும் முழு நீரையும் அது தனியாகவே இறக்க வல்லதாக இருக்க வேண்டும். உறிஞ்சும் குழாயின் கீழ்நுனி சம்ப் நீருக்குள் இரண்டு மூன்று செ.மீ.க்கு மேல் மூழ்கக்கூடாது; ஆழமாக மூழ்கினால், மின்சாரம் திரும்பி வரும்போது குழாய்க்குள் சிக்கிய காற்று வெளியேற முடியாமல் உறிஞ்சல் தொடங்கவே தொடங்காது. இன்னும் ஒரு குழாய் சேர்த்து மூன்றாக வைக்கும் பீன் அனிமல் முறை ஹெர்பியைவிடப் பாதுகாப்பானது. என் பெட்டிக்குள் மூன்று துளைகளுக்கு இடம் இருந்திருந்தால் அதையே வைத்திருப்பேன்.

கலிங்கின் மேல் எவ்வளவு கனத்தில் நீர் வழியும் என்பதையும் அறியலாம். கால்வாய்ப் பொறியாளர்கள் தடுப்பணைக்குப் பயன்படுத்தும் வாய்ப்பாடே இங்கும் பொருந்துகிறது: 30 செ.மீ. அகலமுள்ள விளிம்பில் மணிக்கு 2,000 லிட்டர் வழிய ஒரு செ.மீ. கனம் வேண்டும். மீன்கள் போகாமல் தடுக்கும் பற்கள் அகலத்தில் பாதியை எடுத்துக்கொண்டால் ஒன்றரை செ.மீ.க்குச் சற்று மேல். பம்ப் நிற்கும்போது இந்தக் கனமோ, ஊற்றும் குழாயின் மூழ்கிய ஆழமோ, இரண்டில் எது அதிகமோ அந்த அளவுக்கு மேல்தொட்டி இறங்கும். குழாய் வாயை இப்போது ஒரு செ.மீ. ஆழத்துக்கு உயர்த்திவிட்டேன், திரும்பி வரும் நீர் 18 லிட்டராகக் குறைந்துவிட்டது. ஆனாலும் 26க்கே இடம் வைக்கிறேன், ஏனெனில் கண்ணாடி துடைக்கும்போது கை பட்டுக் குழாய் கீழே சாயும் நாள் ஒன்று வரும். ஒருவழி வால்வு போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கடைக்காரர் சொன்னார். கடல்நீரில் சுண்ணாம்பு படியும், நத்தைக்குஞ்சு போய் உட்காரும். மூடாத நாளில் அது இருந்தும் இல்லாததே. அதை நம்பி அளவைக் குறைக்க மாட்டேன்.

பம்ப்பின் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பியதும் என் பழைய தவறுகளில் ஒன்று. அந்த எண், நீரைச் சற்றும் உயர்த்தாத நிலையில் அளந்தது. ஒன்றரை மீட்டர் ஏற்றி, மூன்று வளைவுகள் திருப்பினால் என் பம்ப்பில் அது பாதியாகிவிடுகிறது. ஊற்றும் குழாயைப் பத்து லிட்டர் வாளியில் விட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன்: 18 வினாடி. மணிக்கு 2,000 லிட்டர். தொட்டி நீர் மணிக்கு எட்டு முறை சம்ப்புக்கு வந்துபோகிறது, அது போதும். பவளத்துக்கு வேண்டிய அலையை மேலே உள்ள அலைப்பம்ப்கள் தருகின்றன. சம்ப் வழியாக ஆற்றுவெள்ளம் போல ஓட்டுவதால் சத்தமும் குமிழியும்தான் கூடும்.

குமிழி என்றதும் தடுப்புக் கண்ணாடிகளுக்கு வருகிறேன். ஸ்கிம்மர் அறைக்கும் பம்ப் அறைக்கும் நடுவே நீர் ஒரு கண்ணாடியின் மேலேறி, அடுத்ததன் கீழ் நுழைந்து, மூன்றாவதன் மேல் ஏறிப் போகும். குமிழிகள் மேலே தங்கிவிட வேண்டும். வழக்கமாக இந்தக் கண்ணாடிகளுக்கு இடையே இரண்டரை, மூன்று செ.மீ. இடைவெளியே விடுகிறார்கள். 40 செ.மீ. அகலத்தில் மூன்று செ.மீ. இடைவெளி என்றால் 2,000 லிட்டர் நீர் வினாடிக்கு நான்கரை செ.மீ.க்கு மேல் வேகமாக இறங்கும். அரிசிநொய் அளவுக் குமிழி அந்த வேகத்தை மீறி மேலே வந்துவிடும். ஸ்கிம்மரிலிருந்து தப்பி வரும் மாவுத்தூள் போன்ற நுண்குமிழிக்கு அந்தத் திறன் இல்லை, நீரோடு இறங்கி மேல்தொட்டி வரை போய்ப் பவளங்களின் மேல் வெண்புகை போலப் படியும். ஐந்து செ.மீ. ஆக்கினால் வேகம் மூன்றுக்கும் கீழே வருகிறது. என் தேர்வு ஐந்து. கணக்கு மட்டும் இதற்குக் காரணமில்லை. இரண்டு ஆண்டுகளில் அந்த இடுக்கில் கடற்பஞ்சும், சுண்ணாம்புக் குழல் கட்டி வாழும் புழுக்களும் அடர்ந்துவிடும். மூன்று செ.மீ. இடுக்கில் தூரிகைகூட ஒழுங்காகப் போகாது. ஐந்தில் என் விரல்கள் போகின்றன. கடைசிக் கண்ணாடியின் மேலிருந்து நீர் அருவியாக விழுந்தால் அங்கேயும் குமிழி பிறக்கும். அதற்காகவே பம்ப் அறையின் மட்டத்தை 20இல் வைத்து, இறக்கத்தை இரண்டு செ.மீ.க்குள் அடக்கியிருக்கிறேன்.

ஸ்கிம்மர் இந்த வடிவமைப்பின் நெஞ்சு. மீனின் கழிவிலும் உணவிலுமிருந்து கரையும் புரதம் போன்ற பொருள்களின் மூலக்கூறுகளுக்கு, நீரை விரும்பும் முனையும் நீரை வெறுக்கும் முனையும் உண்டு. வெறுக்கும் முனை காற்றைத் தேடிக் குமிழியின் மேல் ஒட்டிக்கொள்ள, குமிழிகள் மேலேறி, நுரையாகிக் கிண்ணத்தில் வழிகின்றன. கடல்நீரில் உள்ள உப்பு, குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதைத் தடுப்பதால்தான் அவை அவ்வளவு பொடியாக நிற்கின்றன. நன்னீரில் இக்கருவி ஏறக்குறைய பயனற்றது. காலையில் அந்தக் கிண்ணத்தைத் திறந்தால் கடுந்தேநீர் நிறத்தில், சேற்று மணத்தோடு நிற்கும் நீரைப் பார்த்தவர்கள், அது தொட்டியிலேயே தங்கியிருந்தால் என்னவாகும் என்று கேட்க மாட்டார்கள். என் ஸ்கிம்மருக்கு நீராழம் 20 முதல் 24 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், ஒரு செ.மீ. ஏறினாலே நுரை நீர்த்துப்போகும். ஆகவே அந்த அறையின் மட்டம் தடுப்புக் கண்ணாடியால் 22இல் நிலைநிறுத்தப்படுகிறது.

அது இழுக்கும் காற்றைப் பற்றியும் முன்பே யோசிக்க வேண்டியிருந்தது. இரவில் சன்னல்களை மூடிக் குளிர்சாதனத்தைப் போட்டு நான்கு பேர் உறங்கும் வீட்டில் கரியமில வாயு கூடும். ஸ்கிம்மர் அந்தக் காற்றையே நீருக்குள் செலுத்தும். விடியற்காலையில் என் தொட்டி நீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.8 வரை இறங்கியதற்குக் காரணம் அதுதான். காற்றுக்குழாயை நீட்டிச் சன்னலுக்கு வெளியே விட்ட வாரத்தில் 8.1க்கு வந்தது. புதிய அலமாரிப் பின்பலகையில் அதற்கென ஒரு துளை.

நீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லரை அலமாரிக்குள் வைக்க இடமிருந்தும் வைக்கவில்லை. இங்கே நிழலில் வைத்த நீரே 29, 30 டிகிரியில் இருக்கும்; பவளத்துக்கு 26 வேண்டும். சில்லர் நீரிலிருந்து எடுத்த வெப்பத்தை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். மூடிய அலமாரிக்குள் கொட்டினால் அதே வெப்பம் சம்ப்பின் வழியே நீருக்குத் திரும்பும். கருவி ஓய்வின்றி ஓடும், மின்கட்டணம் ஏறும். மின்விசிறியால் ஆற்றலாமே என்றால், ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 0.67 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. தினம் மூன்று லிட்டருக்கு இரண்டு யூனிட். குறைவில்லை. ஆனால் இந்த ஊரின் ஈரக்காற்றில் நீர் அதற்குமேல் ஆவியாக மறுக்கிறது. சில்லருக்குத் தனிச் சிறு பம்ப் ஒன்றும் வைக்கிறேன். மேலே ஏறும் குழாயிலேயே அதைக் கோத்தால் அதன் உள்வளைவுகள் நீரோட்டத்தைத் தின்றுவிடும்.

பாசி அறை வைப்பதா என்பதில்தான் நெடுநாள் தயங்கினேன். கீட்டோ எனப்படும் கம்பிச்சுருள் போன்ற பச்சைப்பாசியை விளக்கொளியில் வளர்த்து, கொழுத்ததைக் கிள்ளி எறிந்தால், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதோடு வெளியேறும். இரவில் விளக்கெரிந்தால் பி.எச்.சும் தாங்கும். தனி அறை ஒதுக்கினால் ஸ்கிம்மர் அறை ஒடுங்கும். தவிர, நீரைக் கண்ணாடி போல ஆக்குவது நோக்கமாக இருக்கக்கூடாது என்பதை நான் பட்டே அறிந்தேன். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூச்சியத்துக்கு இறங்கிய ஒரு பருவத்தில், டைனோபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிரிகளின் பழுப்பு நிறச் சளி பாறை முழுவதும் பரவி, நீங்க மூன்று மாதமாயிற்று. 2014இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட சிஸ்டர்ஸ் தீவுகளில் நீரிறக்கத்தின்போது நடந்தால், கலங்கிய பச்சை நீரிலும் பவளங்கள் செழித்து நிற்பதைக் காணலாம். சிங்கப்பூர்க் கடலில் ஏறத்தாழ 250 வகைக் கல்பவளங்கள் உண்டு. ஆகவே தனி அறையை விட்டுவிட்டு, 40 செ.மீ. ஸ்கிம்மர் அறையின் ஒரு மூலையில் வலைக்கூடையில் ஒரு கைப்பிடிக் கீட்டோவும் அதற்கு மேல் ஒரு சிறு விளக்கும் வைக்கிறேன். முதல் அறை 16 செ.மீ.; அதில் இரண்டு வடிகட்டிப் பைகள். மூன்று நாளுக்கொருமுறை மாற்றாவிட்டால் பையே கழிவுக்கிடங்காகிவிடும். அடைத்துக்கொண்டால் நீர் பையின் மேலாக வழிந்து சம்ப்புக்குள்ளேயே விழும்படி பைச்சட்டத்தை விளிம்புக்கு நான்கு செ.மீ. கீழே இறக்கியிருக்கிறேன்.

மின்பலகை இனி சம்ப்புக்கு மேலேயோ பின்னாலேயோ இராது. அலமாரியின் பக்கச்சுவருக்கு வெளிப்புறம், தோளுயரத்தில். ஒவ்வொரு கம்பியும் பலகைக்கு வருமுன் கீழே தொங்கி ஒரு வளைவு போட்டு ஏறும். கம்பி வழியே வரும் துளி அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

சென்ற ஞாயிறன்று, குளிர்பதனப்பெட்டி வந்த அட்டைகளை வெட்டி ஒட்டி, சம்ப்பின் முழு அளவில் ஓர் அட்டைப்பெட்டி செய்து அலமாரிக்குள் நுழைத்துப் பார்த்தேன். தாளில் 90 செ.மீ. என்று எழுதியது உள்ளே சரியாகவே உட்கார்ந்தது. ஆனால் கதவு வழியே நுழையவில்லை. நடுவில் நிற்கும் தாங்குகட்டை தடுத்தது. சாய்த்து, ஒரு முனையை முதலில் உள்ளே விட்டு, பின் திருப்பியபோது, கீல் முனைக்கு இரண்டு விரல்கடை இடைவெளியில் போயிற்று. கண்ணாடி அட்டையைப் போல வளையாது; அதனால் கீலைக் கழற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். ஸ்கிம்மரைத் தூக்கி அட்டைப்பெட்டிக்குள் நிறுத்திக் கிண்ணத்தைக் கழற்றப் பார்த்தேன். கிண்ணம் மேலேற எட்டு செ.மீ. வேண்டும், மேற்பலகைக்கும் அதற்கும் ஐந்தே இருந்தது. தினமும் கழுவ வேண்டிய பொருள் அது. கழற்ற முடியாதென்றால், கழுவாமல் விடும் நாள்கள் பெருகும். ஸ்கிம்மரின் அடியில் வைக்க நினைத்திருந்த நான்கு செ.மீ. பீடத்தை எடுத்துவிட்டு, அறையின் மட்டம் 22 என்பது பீடமின்றி அதன் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. இடைவெளி ஒன்பது செ.மீ. ஆயிற்று. பிறகு கதவுக்கு முன் முழங்காலிட்டு, வலக்கையை முழங்கை வரை உள்ளே விட்டு, பம்ப் நிற்கப்போகும் மூலையையும், இரண்டு இடுக்குகளின் அடியையும், குழாய் வால்வையும் ஒவ்வொன்றாகத் தொட்டேன். வால்வுச் சக்கரம் மட்டும் பின்பக்கம் திரும்பியிருந்தது. முன்னோக்கித் திருப்பிக் குறித்தேன்.

திங்களன்று படத்தைக் கண்ணாடிப் பட்டறைக்கு அனுப்பினேன். எட்டு மில்லிமீட்டர்க் கண்ணாடி. தடுப்புகள் ஆறு மில்லிமீட்டர். இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். வந்ததும் ஒட்டு காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, ரசமட்டம் வைத்துச் சமன்செய்து, குளியலறையில் குழாய்நீரை விளிம்புவரை நிரப்பி ஒரு நாள் முழுவதும் விட்டுவைப்பேன். அலமாரிக்குள் ஏற்றிய பிறகு மின்இணைப்பைப் பிடுங்கி, நீர் ஏறி நிற்கும் இடத்தில் கண்ணாடியின் மேல் சிவப்பு நாடா ஒட்டுவேன். மறுபடி ஓடவிட்டு, மறுபடி பிடுங்கி, இருபது முறை பார்த்த பிறகும் நீர் அந்த நாடாவையே வந்து தொட்டால், பழைய சம்ப்பிலிருந்து முதல் பாறையை எடுத்து வைப்பேன்.